கோட்டையில் வேலை, பாட்டிலே உயிர்: ஏ.எம். சின்னசாமி முதலியார்



வடசென்னை என்றால் சினிமாக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கானா, கேரம், குத்துச்சண்டை, வெட்டுக்குத்து. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்றுதான் என் வகுப்பு நண்பர்கள் உட்பட எல்லோரும் நினைக்கிறார்கள். அது மயிலாப்பூர்க்காரர்கள் சமாச்சாரம், டிசம்பர் மாத கேன்டீன் சமாச்சாரம் என்று ஒரு முடிவு. அந்த முடிவு எவ்வளவு தப்பு என்பதைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஆள்தான் ஏ.எம். சின்னசாமி முதலியார்.

இவர் பாடகர் இல்லை. சபா நடத்தியவரும் இல்லை. எம்.ஏ. படித்துவிட்டு புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த சென்னை மாகாண அரசின் தலைமைச் செயலகத்தில் சூப்பரின்டெண்டென்ட் வேலை பார்த்தவர். அதாவது நம் வீட்டில் "நல்லா படிச்சு கவர்மென்ட் வேலைக்குப் போடா" என்று சொல்கிறார்களே, அந்த வேலைக்குப் போய் உட்கார்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எம்.ஏ. என்பது சாதாரண விஷயமில்லை. ஃபைல் பார்த்தோமா, சம்பளம் வாங்கினோமா, பென்ஷனோடு திண்ணையில் உட்கார்ந்தோமா என்று இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. இன்றைக்கு நாம் முத்துசுவாமி தீட்சிதர் பாட்டு என்று கேட்கிற பலவற்றுக்கு நம்பகமான எழுத்து ஆதாரம் இருப்பதற்கு இந்த மனிதரும் ஒரு காரணம்.

நான் பி.காம். மாணவன். சங்கீதம் முறையாகக் கற்றவன் அல்ல. அதனால் ராக லட்சணம் எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். வரவு செலவு பார்க்கத் தெரியும். இவருடைய வாழ்க்கையையும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன். கட்டுரை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணலியில் தொடங்கிய கதை

முதலியாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். போகிற இடம் நம்ம மணலி.

இன்றைக்கு மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். 1969-ல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ்தான் இன்றைய சிபிசிஎல். காற்று திரும்பினால் திருவொற்றியூர் வரைக்கும் வாசனை வரும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் மணலி என்பது பெரிய ஜமீன் குடும்பத்தின் ஊர். மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆங்கிலேய கவர்னர் பிகட்டுக்கு துபாஷ். துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர், வெள்ளைக்காரனுக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் நடுவில் நிற்பவர். அந்தக் காலத்துச் சென்னையில் பணம் புரண்ட இடம் அதுதான். பூக்கடைப் பக்கம் இருக்கிற சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்கள் இன்றைய இடத்தில் எழும்பியதிலும் இவருக்குப் பங்கு உண்டு.

இந்த முதலியார் திருவாரூரிலிருந்து ராமசுவாமி தீட்சிதரை (1735-1817) மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார். குடும்பத்தோடு வந்தார் தீட்சிதர். அவருடைய மூத்த மகன்தான் கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835). முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்றும் சொல்வார்கள், அந்த ஆதரவைத் தொடர்ந்தார். அவர் பேரில் ராமசுவாமி தீட்சிதர் 108 ராக தாளங்களில் ஒரு மாபெரும் மாலிகை இயற்றினார். இன்று எந்தக் கச்சேரியிலும் முதல் பாட்டாகக் கேட்கிற ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவரும் இதே ராமசுவாமி தீட்சிதர்தான்.

மணலியில் இருந்த நாட்களில் சின்னையா முதலியார் தீட்சிதர் சகோதரர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போவாராம். அங்கே ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியம். அதைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. 'காட் சேவ் தி கிங்' மெட்டில்கூட ஒரு சாமி பாட்டு உண்டு! தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இன்னும் ஒரு படி மேலே போனார். மணலி முதலியார் ஏற்பாட்டில் ஒரு ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் வந்ததற்கு அவரையும், அடுத்து தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவையும் சொல்வார்கள். இன்று வயலின் இல்லாமல் கச்சேரி கிடையாது. அந்த வயலினுக்கு முதல் பாடம் நம்ம ஏரியா ஆதரவில் நடந்திருக்கிறது என்பதை அடுத்த தடவை யாராவது "நார்த் மெட்ராஸா?" என்று மூக்கைச் சுளித்தால் சொல்லுங்கள் :-)

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மேற்கத்திய சங்கீதம் கோட்டை வழியாக நம் சங்கீதத்துக்குள் வந்தது. நூறு வருஷம் கழித்து அதே கோட்டையில் வேலை பார்த்த ஒருவர் நம் சங்கீதத்தை மேற்கத்திய எழுத்தில் திருப்பி அனுப்ப முயன்றார். அனுப்பப் போய் தீட்சிதர் குடும்பத்து வாசலிலேயே போய் நின்றார்.

திருவொற்றியூர்: தொண்டையில் மட்டும் இருந்த பாட்டுகள்

இன்னொரு ஊரையும் பார்த்துவிடுவோம். தியாகராஜ சுவாமிகள் (1767-1847) காவிரிக்கரையைத் தாண்டி அதிகம் போகாதவர். அபூர்வமாகச் செய்த வடக்குப் பயணத்தில் சென்னைப் பக்கம் வந்தார். கோவூர் சுந்தரேச முதலியார் அவரை அழைத்தார். திருவொற்றியூரில் அவருடைய சீடர் வீணை குப்பய்யர் (1798-1860) இருந்தார். வடிவுடையம்மன் என்று நாம் கும்பிடுகிற திரிபுரசுந்தரி மேல் தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று அவற்றைச் சொல்கிறார்கள். குப்பய்யர் தானும் பெரிய வாக்கேயக்காரர். அவர் மகன் பெயரே திருவொற்றியூர் தியாகய்யர் (1845-1917). குருவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்.

இங்கேதான் பிரச்சினை. இந்தப் பாட்டுகள் எல்லாம் எங்கே இருந்தன? சீடர்களின் தொண்டையில். ஓலைச்சுவடியிலும் நோட்டுப் புத்தகத்திலும் சாகித்தியம் எழுதி வைத்திருப்பார்கள். சிலர் ஸ்வரக் குறிப்பும் எழுதினார்கள். ஆனால் பாட்டு எப்படிப் போகும், எங்கே இழுக்க வேண்டும், எங்கே அசைக்க வேண்டும் என்பது குரு பாடி சிஷ்யன் கேட்டால்தான் உண்டு. சிஷ்யன் போய்விட்டால் பாட்டும் போச்சு. ஒரு கம்பெனியின் மொத்தக் கணக்கும் ஒரே ஒரு கணக்குப்பிள்ளையின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது, பேரேடே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் லீவு போட்டால் என்ன ஆகும்? செத்துப் போனால்? கர்நாடக சங்கீதம் அந்த நிலைமையில்தான் இருந்தது.

1880, 90-களில் மும்மூர்த்திகளை நேரில் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்டவர்களும் கிழவர்கள். சின்னசாமி முதலியார் காலத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

யார் இந்த முதலியார்?

சின்னசாமி முதலியார் கிறிஸ்தவர். தியாகராஜர் பாடியது ராமனை, தீட்சிதர் பாடியது அம்பாளையும் சிவனையும். வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவர் தன் காசையும் கண்ணையும் செலவழித்து இந்தப் பாட்டுகளைக் காப்பாற்ற நின்றார் என்பது, இன்றைக்கு நாம் ஒருவரோடொருவர் சண்டை போடுகிற அழகைப் பார்த்தால், நம்பவே கஷ்டமாக இருக்கிறது. அவர் தனி ஆளும் இல்லை. கொஞ்ச காலம் கழித்து தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) என்ற சித்த வைத்தியர் 1912 முதல் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் நடத்தினார், 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். அவரும் கிறிஸ்தவர்.

இந்த மாதிரி 'தொழில் வேறு, உயிர் வேறு' என்ற ஆட்கள் நம் சங்கீதச் சரித்திரத்தில் நிறைய. 72 மேளகர்த்தாவிலும் தமிழில் பாட்டு எழுதிய கோடீசுவர ஐயர் ஹைகோர்ட்டில் வேலை பார்த்தவர். ஜி.என். பாலசுப்பிரமணியம் ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் படித்தவர். அவர் அப்பா நாராயணசாமி ஐயர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர், பார்த்தசாரதி சுவாமி சபாவின் தூண்களில் ஒருவர். இங்கிலீஷ் படித்தவன் நம் சங்கீதத்தை மறந்துவிடுவான் என்று அந்தக் காலத்தில் பெரியவர்கள் பயந்தார்கள். நடந்தது வேறு. இங்கிலீஷ் படித்தவர்கள்தான் முதலில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள்.

முதலியாருக்கு மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் நன்றாகத் தெரியும். ஐந்து கோடு போட்டு, அதன் மேலும் இடையிலும் புள்ளி வைத்து எழுதுவார்களே, அதுதான். அவருடைய யோசனை சுலபமானது. உலகம் முழுக்க சங்கீதக்காரர்கள் படிக்கிற எழுத்து அது. நம் பாட்டை அதில் எழுதிவிட்டால், லண்டனில் இருக்கிறவனும் தியாகராஜரை வாசிக்கலாம். ஒரு தடவை அச்சாகிவிட்டால் யார் செத்தாலும் பாட்டு சாகாது.

அந்தக் காலத்தில் இப்படி யோசித்தது அவர் மட்டுமில்லை. தச்சூர் சிங்காராச்சாரியார் சகோதரர்கள் சென்னையில் தெலுங்கு எழுத்தில் ச-ரி-க-ம போட்டு வரிசையாகப் புத்தகங்கள் வெளியிட்டார்கள். கேப்டன் டே என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1891-ல் தென்னிந்திய சங்கீதத்தைப் பற்றியும் வாத்தியங்களைப் பற்றியும் பெரிய புத்தகம் எழுதினார். ஆனால் தியாகராஜர் கீர்த்தனைகளை உரிய சீடர் பரம்பரையிடமிருந்தே வாங்கி, ஐரோப்பிய எழுத்தில் முழுசாக எழுதுவது என்று இறங்கியவர் முதலியார்.

ஐந்து கோட்டுக்குள் அடங்குமா?

இங்கே ஒரு சின்ன விளக்கம். சங்கீதம் தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.

ச-ரி-க-ம என்று எழுதினால் 'ச' எந்த உயரத்தில் இருக்கிறது என்று அது சொல்லாது. பாடுகிறவர் தன் குரலுக்குத் தகுந்த சுருதி வைத்துக்கொள்வார். ஆண் பாடினால் ஒரு உயரம், பெண் பாடினால் வேறு உயரம். ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒவ்வொரு கோட்டுக்கும் திட்டமான உயரம் உண்டு. அதனால் எழுதும்போதே ஒரு சுருதியை நிர்ணயித்துவிட வேண்டும். இது சின்னச் சிக்கல்தான், சமாளிக்கலாம்.

பெரிய சிக்கல் கமகம். தோடி ராகத்தில் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆட்டம்தான் தோடி. ச-ரி-க-மவில் அதற்கு 'க' என்று ஒரே எழுத்து. தெரிந்தவன் ஆட்டுவான், தெரியாதவன் நட்டுவைப்பான். ஐந்து கோட்டில் எழுதினால் இரண்டே வழி. ஒரு புள்ளி வைத்து விட்டுவிடலாம். அப்போது தோடி போய்விடும். அல்லது ஆட்டத்தை எல்லாம் பொடிப்பொடிப் புள்ளிகளாக எழுதலாம். அப்போது பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும், வாசிக்கிறவன் தலைசுற்றி விழுவான்.

முதலியார் இதைத் தெரிந்தேதான் இறங்கினார். கொஞ்சமாவது பதிவாவது, ஒன்றுமே இல்லாமல் போவதைவிட மேல் என்பது அவர் கட்சி என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கெழுதுகிற எல்லோருக்கும் இது புரியும். வியாபாரத்தின் உயிரைப் பேரேட்டில் எழுத முடியாது. ஆனால் பேரேடு இல்லாத வியாபாரம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது.

வாலாஜாபேட்டை பாகவதர்

தியாகராஜரின் முக்கியமான சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781-1874). குரு பாடியதை எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதி வைத்தவர். அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் தியாகராஜரை நேரில் அறிந்தவர். குருவின் சரித்திரத்தை எழுதியவர்களில் ஒருவர். இந்தக் குடும்பத்துச் சுவடிகள்தான் பின்னால் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய், இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு முதல் ஆதாரமாக இருக்கின்றன.

சின்னசாமி முதலியார் சரியான ஆளைப் பிடித்தார். கிருஷ்ணசாமி பாகவதரிடமிருந்து தியாகராஜர் கீர்த்தனைகளை வாங்கி நொட்டேஷன் எழுதினார். ஒரு பக்கம் தெலுங்குக் கீர்த்தனையும் ராமபக்தியுமாக வளர்ந்த முதிய பாகவதர். இன்னொரு பக்கம் ஐந்து கோட்டுத் தாளோடு இங்கிலீஷ் படித்த செயலக அதிகாரி. ஒருவர் பாட, மற்றவர் எழுத, திரும்பப் பாட, திருத்த... டேப் ரெக்கார்டர் கிடையாது. எடிசன் 1877-ல் போனோகிராஃப் கண்டுபிடித்துவிட்டாலும் அது நம் பாகவதர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. காதில் விழுந்ததைக் கையால் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேடிக்கையான பொருத்தம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது நம்ம ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து. போய் நின்ற இடம் வாலாஜா ரோடு! சரித்திரத்துக்குச் சில சமயம் நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது. பருத்திக்கும் தோலுக்கும் சிப்பாய்க்கும் போட்ட தண்டவாளம், தியாகராஜரின் பாட்டுகள் இருந்த ஊரையும் சென்னையோடு கட்டிப் போட்டுவிட்டது.

இப்படிச் சேர்ந்தவைதான் 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' என்ற வெளியீடு. மாதாமாதம் வரும் பத்திரிகையாகத் தொடங்கி, 1893-ல் சென்னை புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்தில் நூலாக அச்சானது.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். இந்தப் பத்திரிகையை யார் வாங்குவார்கள்? ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் வெள்ளைக்காரர்களும், சர்ச்சில் பியானோ, ஆர்கன் கற்றவர்களும். அவர்களுக்குத் தியாகராஜரில் ஆர்வம் இருக்க வேண்டிய அவசியமில்லை. தியாகராஜரில் உயிரையே வைத்திருந்த பாகவதர்களுக்கு இந்த ஐந்து கோடு அரபி எழுத்து மாதிரி. இரண்டும் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். மார்க்கெட்டிங் பாடத்தில் இந்த ஐடியாவைச் சொன்னால் எங்கள் புரொபசர் சிரித்திருப்பார். செலவோ பெரிசு. சாதாரண எழுத்து கோர்ப்பதே கஷ்டமான காலத்தில் கோடும் புள்ளியும் கொக்கியும் கொடியுமாக ஒவ்வொன்றாக அச்சுக் கோர்க்க வேண்டும். தப்பு விழுந்தால் ராகமே மாறிவிடும், அதனால் பிழை திருத்துவதும் அவர் தலையில். முதலியார் கைக்காசைப் போட்டார். காசு கரைந்தது. கண்ணும் மங்கியது. நுணுக்கி நுணுக்கி எழுதிய வேலையே கண்ணைக் குடித்துவிட்டது என்று சொல்வார்கள்.

எட்டயபுரத்து வாசல்

தியாகராஜருக்குச் சீடர்கள் நிறைய. தீட்சிதர் பாட்டுகள் நிலைமை வேறு. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார். மணலியில் பிடில் கற்ற தம்பி பாலுசுவாமி அங்கே ஜமீன் ஆஸ்தான வித்வானாக இருந்தார். பாலுசுவாமி தன் மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்து வளர்த்தார். அவர்தான் சுப்பராம தீட்சிதர் (1839-1906). வேங்கடமகியின் கீதங்கள், தீட்சிதர் கீர்த்தனைகள், பழைய வர்ணங்கள் என்று பரம்பரைச் சொத்து முழுக்க இந்த ஒருவரிடம் இருந்தது.

சின்னசாமி முதலியார் அவரை நாடினார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். சுப்பராம தீட்சிதர் தயங்கினார் என்பார்கள்.

இதைப் படித்தவுடன் "என்ன சுயநலம்!" என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வித்வான் குடும்பத்துக்கு நிலம் கிடையாது, பென்ஷன் கிடையாது. வேறு யாருக்கும் தெரியாத பாட்டுதான் அவர்களுடைய மூலதனம். அதை எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யார் இவரைத் தேடி எட்டயபுரம் வரை வரப்போகிறார்கள்? அதோடு இன்னொரு பயம், காகிதத்தைப் பார்த்து அரைகுறையாகப் பாடி ராகத்தைக் கெடுத்துவிடுவார்களே என்பது. இரண்டுமே நியாயமான பயம். காப்பிரைட், ராயல்ட்டி என்று நாம் படிக்கிறோமே, அப்படி எதுவும் அந்த ஊரில் அவரைக் காப்பாற்ற இல்லை.

முதலியாரின் பக்கமும் நியாயம் உண்டு. சுப்பராம தீட்சிதருக்கு அப்போது அறுபது வயது. இவர் இருக்கும்வரை சொத்து. இவருக்குப் பிறகு? நூறு வருஷ சங்கீதமும் ஒரு மனிதரின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

1899-ல் எட்டயபுரத்தில் புதிய ஜமீன்தார் ஜகத்வீரராம வேங்கடேசுவர எட்டப்பர் பட்டமேற்ற சமயத்தில் முதலியார் அங்கே போனார். உடம்பு சரியில்லை, கண் பார்வையும் கெட்டுப்போயிருந்தது. சென்னையிலிருந்து அந்தக் கோலத்தில் அவ்வளவு தூரம் போய் ஜமீன்தாரிடம் அவர் கேட்டது தனக்காக எதுவும் இல்லை. சுப்பராம தீட்சிதரிடம் இருப்பதை எல்லாம் எழுதி அச்சிட வையுங்கள் என்பதுதான் வேண்டுகோள். தன் புத்தகத்தைத் தொடரப் பணம் கேட்டிருக்கலாம். ஸ்டாஃப் நொட்டேஷனில்தான் வர வேண்டும் என்று அடம் பிடித்திருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, யார் பெயரில் வந்தாலும், எந்த எழுத்தில் வந்தாலும் பாட்டு வந்தால் போதும் என்று நின்றார். இவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

ஜமீன்தார் சம்மதித்தார். அரசர் சொல்லைத் தட்ட முடியாமலோ, முதலியாரின் நிலையைப் பார்த்து மனம் இளகியோ, சுப்பராம தீட்சிதரும் எழுத உட்கார்ந்தார். 1904-ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. தெலுங்கு எழுத்து. ஆயிரத்து எழுநூறு பக்கம் அளவுக்குப் பெரிய நூல். 72 மேளங்கள், அவற்றின் ராகங்கள், வேங்கடமகியின் கீதங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட தீட்சிதர் கீர்த்தனைகள், பழைய வாக்கேயக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் உண்டு. முக்கியமாக, கமகத்துக்கென்று தனித்தனி அடையாளக் குறிகள். ஐந்து கோட்டில் முதலியார் முட்டி மோதிய அதே பிரச்சினைக்கு, நம் ச-ரி-க-மவின் தலையிலேயே சின்னச் சின்னக் குறிகள் போட்டு ஒரு வழி கண்டிருந்தார் சுப்பராம தீட்சிதர்.

இரண்டே வருஷம். 1906-ல் சுப்பராம தீட்சிதர் காலமானார். அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் அவருக்கு இரங்கல் கவிதை எழுதினார். இந்த நூல் மட்டும் இரண்டு வருஷம் தள்ளிப் போயிருந்தால்? யோசித்தாலே பகீரென்கிறது.

பார்வை போன முதலியார் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்து ரசித்திருக்க முடியாது.

பேலன்ஸ் ஷீட்

சரி, கணக்கை முடிப்போம்.

செலவுப் பக்கம்: ஒரு மனிதரின் சேமிப்பு, உடம்பு, பார்வை. வரவுப் பக்கம் அவர் பெயரில் என்ன? அவர் எழுதிய முறை நிலைக்கவில்லை. இன்று கர்நாடக சங்கீதம் கற்கிற யாரும் ஐந்து கோட்டில் கற்பதில்லை. எல்லோரும் ச-ரி-க-மதான். அவர் போட்ட பந்தயத்தில் அவர் தோற்றார் என்றுதான் ஒரு ஆடிட்டர் எழுதுவார்.

ஆனால் கணக்கில் வராத வரவு ஒன்று உண்டு. சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை சென்னை மியூசிக் அகாடமி 1961 தொடங்கித் தமிழ் எழுத்தில் ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தது. தீட்சிதர் பாட்டில் எது சரி, எது தப்பு என்று சண்டை வந்தால் இன்றும் கடைசியில் எல்லோரும் திறக்கிற புத்தகம் அதுதான். அந்த நூலுக்குப் பின்னால் தள்ளிவிட்ட கை முதலியாருடையது.

அவர் கனவும் முழுசாக வீண் போகவில்லை. கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்துத்தான் வாசித்தார்கள். இளையராஜா அந்த ஐந்து கோட்டில் மளமளவென்று எழுதித் தள்ளுவதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 1986-ல் வந்த 'ஹௌ டு நேம் இட்' இசைத்தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தார். தியாகராஜரையும் ஐரோப்பாவையும் ஒரே தாளில் உட்கார வைப்பது என்பது 1893-ல் புதுப்பேட்டையில் ஒருவர் முயன்று பார்த்ததுதானே?

நம்மில் பல பேர் நாளைக்கு பேங்க் பரீட்சையோ குரூப் டூவோ எழுதி ஏதோ ஒரு ஆபீஸில் உட்காரப் போகிறோம். வேலைக்குப் போனால் நமக்குப் பிடித்ததெல்லாம் அவ்வளவுதான் என்று இப்போதே புலம்புகிறோம். அரசாங்க ஃபைலைக் கட்டி வைத்த அதே கைதான் தியாகராஜரையும் எழுதியது. அதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு தூரம் போக எனக்கும் தைரியம் கிடையாது. ஆனால் நம் தெருவில், நம் வீட்டில், ஒரே ஒருவர் ஞாபகத்தில் மட்டும் இருக்கிற விஷயங்கள் எத்தனை? பாட்டிகள் பாடுகிற தாலாட்டும் ஒப்பாரியும், காசிமேட்டுப் படகுக்காரர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கிற பெயர்கள், சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானாக்காரரின் பழைய பாட்டுகள். இவற்றுக்கெல்லாம் எட்டயபுரத்து ஜமீன்தார் யாரும் வரப்போவதில்லை. ஐந்து கோடும் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும்.

கேட்டு எழுதி வைப்போம். அந்தப் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே.